பதிமூன்றாவது நொடி

பாட்டு முடிந்ததும் மச்சான் சுழல் நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றி, நாலாவது சுற்றில் கட்டில் காலில் முட்டி நின்றான். முட்டி வலித்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதன் அப்போது வலியை உணரும் நிலையில் இல்லை.

"மாப்ள, இதுதான்! இதேதான்! ஆறு வருஷத்துல நீ இப்படிப் பாடினதே இல்லடா!"

பீரங்கி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். பீரங்கி என்பது மேடைக்காக அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். ராப் பாட்டில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவனுக்குப் பகலில் என்ன வேலை என்றால், மற்றவர்கள் இருபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற வேலை. டிரைவிங் ஸ்கூலில் பத்து வருடமாகப் பயிற்சியாளன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடி, "மெதுவா... மெதுவா... கிளட்ச்சை விடுங்க... முழுசா விடாதீங்க" என்று நாள் முழுக்க மந்திரம் ஓதுவான். அந்தப் பிரேக்கை அமுக்கி அமுக்கியே அவனுடைய வலது செருப்பு இடது செருப்புக்கு ஆறு மாதம் முன்னாலேயே தேய்ந்துபோகும்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். குளியலறைச் சாமான் கடையில் விற்பனையாளன். விடுமுறை நாட்களில் இந்தப் படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தாளம் செய்கிறவன். பாடுவதற்குத் துணி அலமாரிதான் இடம். துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, கதவுகளில் கம்பளி ஒட்டி, நடுவில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகிறவன் பீரங்கியாகப் போய் வியர்வையில் குளித்து வெளியே வருவான்.

இன்று சனிக்கிழமை. நாளை மாலை நான்கு மணிக்குப் பூங்கா மேடையில் ஏழு குழுக்கள் பாடுகின்றன. இதுவரை யாரும் கேட்காத ஒரு பாட்டைத்தான் பாட வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகப் பீரங்கி பயந்திருக்க மாட்டான். வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. தீக்குச்சி என்ற பெயரில் பாடுகிற இருபது வயதுப் பெண் ஒருத்தி, இணையத்தில் அவனுடைய போன மாதப் பாட்டின் கீழே இரண்டே வரி எழுதியிருந்தாள்: 'கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா இது போன வருஷப் பாட்டா, இந்த வருஷப் பாட்டான்னு தெரியல. பீரங்கி அண்ணன் ஒரே குண்டைத் திரும்பத் திரும்பப் பொறுக்கிட்டு வந்து சுடுறாரு.' அண்ணன் என்று மரியாதை வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பீரங்கி அதற்குப் பதில் எழுதினான். 'ஞாயித்துக்கிழமை வந்து முன்னாடி நில்லு. பழசு மாதிரி ஒரு இடம் இருந்தாலும் மைக்கை உன் கையில குடுத்துட்டு இறங்கிடுறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல பாட மாட்டேன்.' மூவாயிரம் பேர் அதைப் படித்தார்கள். நூறு பேராவது அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இனி அழித்தும் பயனில்லை.

அதனால்தான் இந்தக் கொண்டாட்டம். காலையிலிருந்து அலமாரிக்குள் நின்று பதினோரு தடவை பாடியதில் ஒன்றை எடுத்து மச்சான் புதுத் தாளத்தின் மேல் பொருத்தியிருந்தான். அது அப்படியே அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

*சிங்கம் வந்தா சீட்டைக் கொடு, சீறி வந்தா ரோட்டைக் கொடு,*
*எதிரி எல்லாம் எறும்புக் கூட்டம், என் பேரைச் சொன்னா எடுப்பான் ஓட்டம்...*

காலையில் பாடியபோது வரிகளின் வரிசை வேறு மாதிரி இருந்ததாக அவனுக்கு ஒரு ஞாபகம். மச்சான் மாற்றி அடுக்கியிருப்பான் என்று விட்டுவிட்டான். குரல்கூடக் கொஞ்சம் இளசாக இருப்பதுபோலப் பட்டது. அதைச் சுடுதண்ணீர் குடித்ததன் பலன் என்று எடுத்துக்கொண்டான். நமக்கு நல்லது நடக்கும்போது யார் துருவிப் பார்க்கிறார்கள்?

அவன் மனைவி மூன்று கோப்பைத் தேநீரோடு உள்ளே வந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள் அவள். வருகிறவர்களின் மூக்கில் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்பாள். கோப்பையை மேசையில் வைக்கும்போது மச்சான் பாட்டைத் தங்கைக்காகத் திரும்ப ஓடவிட்டான். அவள் கை அப்படியே நின்றது.

"இது எப்பப் பாடினது?"

"இன்னைக்குக் காலையில. சுடச்சுட!" என்றான் பீரங்கி.

"அண்ணா, ஒரு நிமிஷம் பின்னாடி போ. அங்கதான். சத்தத்தைக் கூட்டு."

மச்சான் கூட்டினான். 'எறும்புக் கூட்டம்' என்பதற்குப் பின்னால், எங்கோ அடியில், ஒரு 'டிங்' கேட்டது. அதைத் தொடர்ந்து 'டாங்' வர வேண்டிய இடத்தில் ஒரு 'கிர்ர்ர்'.

"இது என்னோட பெல்" என்றாள் அவள்.

இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சிவந்தது. "அண்ணனோட பழைய வீட்டு பெல் இது. பாதி ரிப்பேரு. சாவி வாங்க வந்து நான்தான் அடிச்சேன். யாரும் திறக்கல. நாலு தடவை அடிச்சப்புறம் நீங்கதான் வந்து திறந்தீங்க, வேர்த்து விறுவிறுத்து. அன்னைக்குத்தான் உங்களை முதல் முதலாப் பார்த்தேன். அந்த வீட்டைக் காலி பண்ணி அஞ்சு வருஷம் ஆகுது."

மச்சான் வாய் திறந்தபடி திரையை உற்றுப் பார்த்தான். கோப்புகளின் பெயர்களை வரிசையாக வாசித்தான். புதுசு, புதுசு இரண்டு, கடைசிப் புதுசு, நிஜமான கடைசிப் புதுசு, இதுதான் புதுசு. ஆறு வருடமாக எல்லாவற்றுக்கும் புதுசு என்றே பெயர் வைத்திருந்தான் மனிதன். காலையில் பாடிய புதுசு கீழே தொடப்படாமல் கிடந்தது. தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, வெளியே விடாமல் வைத்திருந்த முதல் பாட்டு.

"தப்பா இழுத்துப் போட்டுட்டேன் மாப்ள."

"அப்போ எப்படிடா அது பொருந்துச்சு?"

பதில் மூவருக்கும் தெரிந்தே இருந்தது. தீக்குச்சி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். பீரங்கியோ சொந்தக் காதால், சொந்தக் குரலை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, தலையை வேறு ஆட்டியிருக்கிறான்.

"இரு, இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்" என்றாள் அவன் மனைவி. அவளுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மச்சான் இரண்டாம் வருடத்துப் பாட்டைப் போட்டான். "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" மூன்றாம் வருடத்தைப் போட்டான். "ரெண்டா, மூணா?" எல்லாம் அதே தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. கடைசியில் மச்சானுக்குக் கிறுக்குப் பிடித்து ஏழு பாட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஓடவிட்டான். ஏழு பீரங்கிகள் ஒரே சமயத்தில் வாய் திறந்தார்கள், ஒரே சமயத்தில் மூச்சு வாங்கினார்கள், ஒரே இடத்தில் கர்ஜித்து ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. மச்சான் முதலில் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் அவள். பீரங்கியும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு என்று அவனுக்கே கணக்குத் தெரியவில்லை.

"நான் அந்தப் பொண்ணுக்கு எழுதிடுறேன். வரலைன்னு சொல்லிடுறேன்" என்று போனை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் நிறுத்துற இடத்துல தொப்புன்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

"அது மாப்ள காலை உதைக்கிறது. நான் வெட்டி எடுத்துடுவேன். இதெல்லாம் வெட்டாதது."

"எதுக்கு உதைக்கிறாரு?"

"சேவ் பண்ணச் சொல்லித்தான். ரெண்டு கையாலயும் பேப்பரைப் பிடிச்சிருப்பான்ல, அதனால கால்ல சிக்னல் குடுப்பான். பன்னெண்டு செகண்டுக்கு மேல போனா கம்ப்யூட்டர் நின்னுபோயிடும், பாடினதெல்லாம் போயிடும்."

"எந்தக் கம்ப்யூட்டர்?"

"அதான், பழைய..." மச்சான் நிறுத்தினான். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். அது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பாடினாலும் முணுமுணுக்காத புதுக் கம்ப்யூட்டர். பழையதை அவனே ஐந்து வருடத்துக்கு முன்னால் பழைய இரும்புக்காரனிடம் போட்டிருந்தான்.



பீரங்கிக்கு எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. மூச்சிரைக்கும் அந்தக் கிழட்டு இயந்திரம், பதிமூன்றாவது நொடியில் உறைந்துபோகும் திரை, ஒருமுறை நல்லதாக அமைந்த ஒரு வரி மொத்தமாகப் போய் அவன் சுவரில் குத்தியது. அதற்குப் பிறகுதான் நான்கு வரி பாடி, ஒரு உதை உதைத்து, அடுத்த நான்கு வரி. பன்னிரண்டு நொடிக்குள் முடிக்க வேண்டுமானால் என்ன சொல்ல முடியும்? நான் சிங்கம் என்று சொல்லலாம். எதிரி ஓடினான் என்று சொல்லலாம். அதற்குமேல் ஒரு யோசனை நீண்டால் இயந்திரம் விழுங்கிவிடும். இயந்திரம் செத்துப்போனது. பயம் மட்டும் அவன் காலில் தங்கிவிட்டது. அதற்கு டிரைவிங் ஸ்கூல் தினமும் எட்டு மணி நேரம் பயிற்சி வேறு கொடுத்தது.

"அடப்பாவி!" என்றான் சத்தமாக. யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு சந்தோஷம் இருந்தது. தனக்குச் சரக்கே இல்லை என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் நம்பியவனுக்கு, சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தான் இதுவரை பார்த்ததே இல்லை என்பது எவ்வளவு பெரிய நல்ல செய்தி! எழுந்து அலமாரிக்குள் போனான். "மச்சான், ஓடவிடு. நிறுத்தாதே. நான் உதைச்சாலும் நிறுத்தாதே."

உதைத்தான். பன்னிரண்டாவது நொடியில் கால் தானாகத் தரையில் விழுந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. திரும்பவும் பாடினான், திரும்பவும் தொப்பென்று விழுந்தது. ஐந்து தடவை. ஆறாவது தடவை மனைவி எழுந்து வந்து அவன் வலது செருப்பைக் கழற்றி, அந்தக் காலைத் தூக்கி ஒரு மடக்கு நாற்காலியின் மேல் வைத்தாள். "இப்பப் பாடுங்க." ஒற்றைக்காலில் கொக்குபோல நின்று, சட்டைகள் முகத்தில் உரச, பீரங்கி பாடினான். பன்னிரண்டு வந்தது. கால் உதைக்கத் தேடியது, தரை கிடைக்கவில்லை. பதிமூன்று. வாய் திறந்தே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. "ஆ..." என்றான். பதினான்கு. மச்சான் நிறுத்தவில்லை. அப்போது அவனே எதிர்பாராமல் அது வந்தது.

*அறுநூறு பேரை ஓட்ட வச்சேன், அத்தனை பேரும் போயிட்டாங்க,*
*கையைக் காட்டித் திரும்பிட்டாங்க, கண்ணாடியில சின்னதா ஆயிட்டாங்க,*
*நான் மட்டும் பக்கத்து சீட்டுல, பெல்ட்டு போட்டுப் பத்திரமா,*
*பிரேக்கு மேல காலை வச்சு, பேரு மட்டும் பீரங்கியா...*

அதோடு நிற்கவில்லை. தாளத்தை விட்டு வெளியே போய், பாதியில் பேச்சாகி, சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போதும் தன் கால் எதையோ அமுக்குவதைச் சொல்லி, சொந்தமாக ஒரு வண்டி ஓட்டி ஏழு வருடம் ஆனதைச் சொல்லி, எங்கேயோ சுற்றித் திரும்பவும் தாளத்துக்குள் வந்து விழுந்தது. நாற்பத்தொரு நொடி. வெளியே வந்தான். சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆறிப்போன தேநீர் மூன்று கோப்பையையும் குடித்தான்.

"நல்லா இருக்கு" என்றான் மச்சான். குரல் தயங்கியது. "ஆனா நடுவுல தாளம் எங்கேயோ போயிடுது. அந்தப் பேச்சை வெட்டிட்டா எட்டு எட்டுத் தட்டாச் சரியா உக்காரும்."

"வெட்டுனா பழையபடி ஆயிடும்டா."

"வெட்டலைன்னா என் தாளத்தைத்தான் தூக்கிப் போடணும்."

மச்சானின் முகத்தைப் பார்த்தபோதுதான் பீரங்கிக்குப் புரிந்தது. ஏழு பாட்டும் ஒரே தாளத்தில் உட்கார்ந்தன என்றால், அந்தத் தாளமும் ஆறு வருடமாக ஒரே தாளம்தானே. கம்ப்யூட்டர் அடித்ததையே அடிக்கும், மச்சான் ஓசையை மட்டும் மாற்றுவான். டைல்ஸ் நிறத்தை மாற்றி விற்பதுபோல. இதைப் பீரங்கி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மச்சான் நாற்காலியில் ஒரு அரைச்சுற்று சுற்றி, சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு, நான் மேடையில கையால தாளம் அடிக்கவா?" என்றான் சுவரிடம். "நீ எங்க போறியோ அங்க வரேன். எனக்கு வருமான்னு தெரியல. விரலெல்லாம் மரத்துப்போய்க் கெடக்கு."

"சொதப்பினா?"

"ரெண்டு பேரும் சேர்ந்தே சொதப்புவோம். குடும்பமாச்சே."

"கால்?" என்றாள் அவள். "மேடைக்கு நாற்காலி எடுத்துட்டுப் போக முடியாதே."



ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு ஒரு வகுப்பு இருந்தது. தையற்கடைக்கார அம்மா, பதினெட்டாவது நாள். ஏறியதும் அவன் வலது காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில், கீழே விரித்திருந்த மிதியடியின் மேல் வைத்தான். வேண்டுமென்றால் எட்டுகிற தூரம்தான். ஆனாலும் அங்கே வைத்ததும் வேர்த்தது. வளைவு வந்தது. கால் துடித்தது. "மெதுவா" என்று சொல்ல வந்ததை விழுங்கினான். அந்த அம்மா தானாகவே வேகத்தைக் குறைத்து, திருப்பி, நேராக்கி, எதிரே வந்த பேருந்துக்கு வழி விட்டாள்.

"என்ன சார், இன்னைக்கு ஒண்ணுமே சொல்லல? பிரேக்கும் போடல?"

"தேவைப்படலைங்க."

அந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தெருவையே இன்னும் இரண்டு தடவை சுற்றினாள்.

நான்கரை மணிக்கு அவர்கள் முறை வந்தது. பூங்காவில் நல்ல வெயில், முந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஒல்லிப் பெண் நின்றாள். தீக்குச்சி என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. பகை எதுவும் அவள் முகத்தில் இல்லை. சும்மா கேட்க வந்தவளாக நின்றாள். அதுதான் அவனுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவள் பக்கத்தில் அவன் மனைவி. மேடையின் ஓரத்தில் மச்சான், முன்னால் தட்டினால் தாளம் எழுப்புகிற சதுரப் பொத்தான்கள் கொண்ட ஒரு பலகை, அவ்வளவுதான். அவன் விரல்களை ஊதிக்கொண்டிருந்தான்.

பீரங்கி மைக்கை எடுத்தான். மச்சான் ஒரு பொத்தானைத் தட்டினான். 'டிங்... கிர்ர்ர்' என்றது ஒலிபெருக்கி. அந்த ஆறு வருடத்தில் அழிக்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கூட்டம் சிரித்தது. அவன் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் தாளம் விழுந்தது. கொஞ்சம் தடுமாறுகிற, உயிருள்ள கைத்தாளம். பீரங்கி பாடினான்.

*சிங்கம் வந்தா சீட்டைக் கொடு, சீறி வந்தா ரோட்டைக் கொடு...*

வேண்டுமென்றேதான் அங்கிருந்து தொடங்கினான். தீக்குச்சியின் புருவம் ஏறியது. மைக்குக்குக் கையை நீட்டலாமா என்று யோசிப்பவள்போலக் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். மனைவியின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. எட்டு, ஒன்பது. கூட்டத்தில் பழைய ரசிகர்கள் நான்கைந்து பேர் எங்கே அவன் நிறுத்துவான் என்று தெரிந்து, அங்கே கத்துவதற்கு இப்போதே கையைத் தூக்கியிருந்தார்கள். பத்து. பதினொன்று. வலது கால் தன் வேலையை மறக்கவில்லை. அது தானாக மேலே எழுந்தது. மச்சானின் இரண்டு கைகளும் பலகைக்கு மேலே காத்து நின்றன. பன்னிரண்டு என்று சொன்ன அவன் மனைவி, அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தான். கத்துவதற்குத் தூக்கிய கைகள் கத்தாமல் அப்படியே நின்றன. தீக்குச்சி ஒரு அடி முன்னால் வந்து அவன் வாயைப் பார்த்தாள், பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள். தேய்ந்த செருப்போடு அது மேடைக்கு ஒரு சாண் மேலே, வெயிலில், இறங்காமல் நின்றது.